ஒன்பதாம் எண்ணுக்கு வந்த ஆலோசகர்

எங்கள் ஊர் பந்தர் ஹிலாலில் ஒரு மனிதன் எவ்வளவு பெரியவன் என்று தெரிந்துகொள்ள அவனோடு பேச வேண்டியதில்லை. அவன் வண்டிக்குப் பின்னால் போய் எண் பலகையைப் பார்த்தால் போதும். ஐந்து இலக்கம் என்றால் என்னைப் போல ஆள். மூன்று இலக்கம் என்றால் எழுந்து நிற்க வேண்டும். ஒற்றை இலக்கம் என்றால், அவர் தப்பான திசையில் வந்தாலும் நாம்தான் ஒதுங்க வேண்டும். கைபேசி எண், தபால் பெட்டி எண், கல்யாண வீட்டு மேஜை எண் எல்லாவற்றுக்கும் இதே சட்டம். இந்தப் பைத்தியம் ஒருநாள் கம்ப்யூட்டருக்குள்ளும் நுழையும் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. அது என் தப்பு.

என் பெயர் குமைஸ். கடற்கரை நல ஒருங்கிணைப்பு வாரியத்தில் நெட்வொர்க் பராமரிப்பாளர். ஆறு மாடிக் கட்டடத்தில் எந்தக் கருவி எந்த எண்ணில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கருவிக்கு ஒரு முகவரி, முகவரியின் கடைசியில் ஒன்றிலிருந்து இருநூற்று ஐம்பத்து நான்குக்குள் ஓர் எண், அவ்வளவுதான். வாரியத்தின் வேலை என்ன என்று கேட்காதீர்கள். பதினேழு வருடமாக அங்கே இருக்கிறேன், இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் கீழ்த்தளத்தில் ஒரு பழைய பிரிண்டர் இருக்கிறது. அது படகுகளுக்கு மீன்பிடி உரிமம் அச்சடிக்கும். கட்டடத்துக்கு வெளியே யாருக்காவது உபயோகமாக நாங்கள் செய்யும் ஒரே காரியம் அது. அதையும் நாங்கள் செய்யவில்லை, பிரிண்டர்தான் செய்கிறது.

பிரிண்டரின் எண் ஒன்பது. உரிமம் அடிக்கும் மென்பொருளுக்கு வேறு எண் தெரியாது. அதை எழுதிக் கொடுத்த கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய் ஆறு வருடம் ஆகிறது.

வஞ்சிர மீன்பிடித் தடை முடிய மூன்று வாரம் இருக்கும்போது பிரிண்டர் ஊமையாகிவிட்டது. உரிமத்தை அனுப்பினால் போகிறது, காகிதம் வரவில்லை. நாற்பத்தொரு படகுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து என் அண்ணன் ஸால்மீனுடையது. போன வருடம் தோள் எலும்பு முறிந்து அவன் பருவம் முழுவதும் படுத்துக் கிடந்தான். எங்கள் பக்கத்தில் வஞ்சிரம் மூன்று வாரம்தான் நிற்கும், பிறகு தெற்கே போய்விடும். இந்த வருடமும் கைவிட்டுப் போனால் படகை விற்றுவிட்டுத் தலைநகரத்தில் ஏதோ ஒரு கடை வாசலில் காவலுக்கு நிற்கப் போவதாகச் சொல்லிவிட்டான். ஸால்மீனைச் சீருடை போட்டு, ஒரு நாற்காலியில் உட்கார வைத்து என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

புகாருக்கு வாரியம் ஒரே நாளில் பதில் எழுதியது. அந்த வேகத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பதில் இதுதான்: "ஒன்பதாம் எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தோம். இருக்கிறேன் என்று உடனே பதில் வந்தது. ஆகவே பிரிண்டர் உயிருடனும் நலமுடனும் உள்ளது. புகார் தள்ளுபடி செய்யப்படுகிறது."

கீழ்த்தளத்துக்கு ஓடிப் போய் பிரிண்டரின் கம்பியைப் பிடுங்கினேன். பிறகு ஒன்பதைக் கூப்பிட்டேன். இருக்கிறேன் என்று பதில் வந்தது. வேறு எதுவோ ஒன்பதில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது! பிரிண்டருக்குப் போக வேண்டிய உரிமங்களையெல்லாம் அதுதான் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தது.

கட்டடம் முழுவதையும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்றிலிருந்து கடைசி எண் வரை வரிசையாக, இருக்கிறாயா, இருக்கிறாயா என்று கேட்கும் நிரல் என்னிடம் இருக்கிறது. யார் பதில் சொன்னார், பதில் சொன்ன கருவி எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது என்பது வரை பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். நான்கு விநாடி வேலை. ஆனால் மேலே சொல்லாமல் செய்தால் வேலை போய்விடும். எனவே அனுமதி கேட்டு ஒரு குறிப்பு எழுதினேன்.

குறிப்பைப் படித்துவிட்டு 'உயிருள்ள முகவரிகளைக் கண்டறியும் உயர்மட்டக் குழு' அமைத்தார்கள். தலைவர், தலைமை இயக்குநர் அபூ ஸுவைத். துணைத் தலைவர், துணை இயக்குநர் உஸ்தாத் ஹமூத். நான் நின்றுகொண்டிருக்க அனுமதிக்கப்பட்ட உறுப்பினர்.

"நாலு விநாடியில என்ன பண்ணுவே, சொல்லு," என்றார் உஸ்தாத் ஹமூத்.

"ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டு, இருக்கியான்னு கேட்பேன் உஸ்தாத்."

"எடுத்த எடுப்புல?"

"ஆமாம்."

"ஸலாம் கிடையாது? உடம்பு எப்படி, வீட்ல எல்லாரும் எப்படின்னு ஒரு வார்த்தை கிடையாது? நேரா போயி, இருக்கியான்னு கேட்பியா? கடன்காரன் கதவைத் தட்டுற மாதிரி?"

"அது கருவி உஸ்தாத். அதுக்கு வீடு கிடையாது."

"கருவி யாருடையது? அதிகாரியுடையது. அஞ்சாம் தர ஊழியன் நீ. முதல் தர அதிகாரியோட கருவியைக் கூப்பிட்டு இருக்கியான்னு கேட்டா, அது யாரைக் கேட்ட மாதிரி? இன்னிக்குக் கருவியைக் கேட்பான், நாளைக்கு என்னையே வந்து, ஏன் சார் பத்து மணிக்கு இருக்க மாட்டேங்கறீங்கன்னு கேட்பான்!"

குழு அதிர்ந்தது. தேநீர் வந்ததும் தெளிந்தது. நான்கு நாள் கூடிப் பேசி விதிமுறை வகுத்தார்கள். பெரியவர்களின் கருவிகளைப் பெரியவர் மட்டுமே கூப்பிடலாம் என்பதால், தலைமை இயக்குநரின் கம்ப்யூட்டரிலிருந்து அவர் பெயரில்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடுவதற்கு இரண்டு நாள் முன்னால் எல்லாக் கருவிகளுக்கும் ஸலாமும் நலம் விசாரிப்பும் அடங்கிய சுற்றறிக்கை போக வேண்டும். கருவிகளால் படிக்க முடியாது என்றேன். அதிகாரிகளும்தான் படிப்பதில்லை, அதற்காகச் சுற்றறிக்கையை நிறுத்தினோமா என்று கேட்டார் அபூ ஸுவைத்.

தலைமை இயக்குநரின் கம்ப்யூட்டர் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறையைப் பிரித்தபோது அபூ ஸுவைத் அதை ஆர்வமாகப் பார்த்தார். அவர் வண்டி எண் ஒன்று. வருடத்தின் தொடக்கத்தில் கம்ப்யூட்டருக்கும் ஒன்றுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஒன்று என்பது வெளி உலகத்துக்குப் போகும் வாசல் பெட்டியின் எண் என்று எவ்வளவோ சொன்னேன். வாசலை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார். கொடுத்தேன். பழைய வாசலைத் தேடிப் போன மொத்தக் கட்டடத்துக்கும் இணையம் நின்றது. பதினோரு நாள் யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் சட்டப் பிரிவில் ஒருவர் கால்பந்து பார்க்க முயன்றபோதுதான் அமளி துமளி ஆனது. கடைசியில் அபூ ஸுவைத்தின் கதவில் பித்தளையில் '1' என்று அடித்து மாட்டி, உள்ளே சத்தமில்லாமல் 201 கொடுத்துச் சமாளித்தேன்.

கூப்பிடும் நாள் வந்தது. தடை முடிய ஏழு நாள் இருந்தது. சுற்றறிக்கையைச் சோதனை அறிவிப்பு என்று எடுத்துக்கொண்டு எல்லா மாடியிலும் கருவிகளைத் துடைத்து, சாம்பிராணி காட்டி, இருந்ததையெல்லாம் சுவிட்ச் போட்டு வைத்திருந்தார்கள். நான் நிரலை ஓட விட்டேன். நான்கு விநாடி. தொண்ணூற்றாறு பேர் பதில் சொன்னார்கள்.

பட்டியலைக் குழுவில் வாசித்தேன். காப்பி இயந்திரங்கள் இருபத்திரண்டு. தொலைக்காட்சிகள் முப்பத்தொன்று. முதுகு பிடித்துவிடும் நாற்காலிகள் ஒன்பது. மின்சார சாம்பிராணிக் கிண்ணங்கள் பதினான்கு. கேமரா, கதவுப் பூட்டு வகையறா எட்டு. தலைமை இயக்குநரின் வரவேற்பறை மீன் தொட்டிக்கு இரை போடும் கருவி ஒன்று, கட்டடத்திலேயே மிக வேகமாகப் பதில் சொன்னது அதுதான். வேலை செய்யும் கம்ப்யூட்டர்கள் பத்து.

"ஒன்பதாம் எண்?" என்று கேட்டார் அபூ ஸுவைத்.

"அது பிரிண்டர் இல்லை. இந்த எண்ணெல்லாம் நாம குடுக்கறது, மாத்திக்கலாம். ஆனா கருவி பிறக்கும்போதே தொழிற்சாலையில ஒரு நம்பர் பொறிச்சு அனுப்புவாங்க. அதை வெச்சு மூலம் தெரியும். ஒன்பதுல இருக்கறது ஒரு கைபேசி. ரொம்ப மலிவான ரகம். மூணாவது மாடி, துணை இயக்குநர் அறையில இருந்து பேசுது."

சபையில் ஒரு மனிதரின் மூலத்தைக் கிளறுவது எங்கள் ஊரில் எப்பேர்ப்பட்ட காரியம் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. அதிலும் மலிவான ரகம் என்று வேறு சொல்லித் தொலைத்தேன். உஸ்தாத் ஹமூத் மெதுவாக எழுந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆமா, என்னுதுதான். நானே எண்ணை மாத்தி, மேஜை டிராயர்ல வெச்சு, சார்ஜ் போட்டு, பூட்டி வெச்சிருக்கேன். என் வண்டி ஒன்பது, என் போன் கடைசி நம்பர் ஒன்பது. இங்க மட்டும் நான் நூத்தி எழுபத்தி மூணா? பள்ளிவாசல்ல இடம் பிடிக்கத் துண்டைப் போட்டுட்டுப் போறதில்லையா, அந்த மாதிரி. நான் லண்டன்ல வைத்தியத்துக்குப் போனாலும் என் எண் இங்க உட்கார்ந்து, இருக்கேன் இருக்கேன்னு சொல்லிட்டே இருக்கும். இந்த வாரியத்துல நான் இல்லாத நாள்லயும் இருக்கறதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன். ஒரு பிரிண்டர், அதுவும் கீழ்த்தளத்துல இருக்கற பிரிண்டர், அதுக்காக நான் எண்ணை விடணுமா?"

"படகுக்காரங்க காத்துட்டிருக்காங்க உஸ்தாத். ஞாயித்துக்கிழமை கடல் திறக்குது."

"கடல் எங்க போயிடப் போகுது?" என்றார். குழுவினர் ஆமோதித்தார்கள். கடல் எங்கும் போகாது என்று நடவடிக்கைக் குறிப்பிலும் எழுதப்பட்டது.

அன்று மாலை ஸால்மீன் தொலைபேசியில் பேசினான். "டேய் குமைஸ், வலையெல்லாம் தைச்சு ஏத்தியாச்சு. நீ அந்த ஆபீஸ்ல இருக்கேன்னு பேரு. ஒரு காகிதம் அடிச்சுத் தர முடியலையா உன்னால?"

"பார்த்துட்டிருக்கேன்டா."

"மீன் பார்த்துட்டிருக்காது." வைத்துவிட்டான்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆவண அறையைப் பார்த்துக்கொள்ளும் உம் ஜவாஹிரிடம் போய்க் கொட்டினேன். வாரியத்தில் முப்பது வருடமாக எல்லாக் கோப்பையும் படித்திருக்கும் ஒரே ஜீவன் அந்த அம்மாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"எண் யாருக்குப் போகும்னு விதி இருக்குல்ல?"

"பதவி பெரியவருக்கு. பதவி ஒண்ணா இருந்தா, சேவைக் காலம் அதிகமா இருக்கறவருக்கு."

"துணை இயக்குநருக்கு மேல என்ன பதவி?"

"ஆலோசகர். ஆனா அது ரெண்டு வருஷமா காலியா கிடக்கு."

"வருஷ முடிவுக்குள்ள நிரப்பலேன்னா அந்தப் பதவியையே எடுத்துடுவாங்க. அபூ ஸுவைத் தூக்கமில்லாம கிடக்கார். உன் பிரிண்டர் வேலைக்கு வந்து எத்தனை வருஷம்?"

"பதினஞ்சு." எனக்கு அப்போதுதான் அவர் எங்கே போகிறார் என்று புரிந்தது. "உம் ஜவாஹிர், அது பிரிண்டர்."

"விண்ணப்பத்துல அப்படி ஒரு கேள்வியே இல்லைடா மகனே," என்று படிவத்தை என் முன்னால் தள்ளினார்.

உண்மையிலேயே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து நிரப்பினோம். வாரியத்தின் முடிவுகளை இதுவரை எதிர்த்ததுண்டா? இல்லை. விடுப்பு? எடுத்ததில்லை, காகிதம் சிக்கி இரண்டு முறை மருத்துவ விடுப்பு. வெளிநாட்டுப் பயிற்சி? பிறப்பே வெளிநாடு. யாரோடாவது பகை? துணை இயக்குநரோடு, அதுவும் அவர் தொடங்கியது.

திங்கட்கிழமை குழு கூடியது. அபூ ஸுவைத் விண்ணப்பத்தை முழுதாகப் படித்தார். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போன ஆலோசகர் ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தார். "ரெண்டு பட்டம் வாங்கினவர். வந்த முதல் வாரமே, இந்த வாரியம் எதுக்கு இருக்குன்னு அறிக்கை கேட்டார். எவ்வளவு சிரமப்பட்டு அவரை ஓய்வுல அனுப்பினோம்! நமக்கு வேணும்னா அறிவாளி எங்க வேணா கிடைப்பான். நமக்கு வேண்டியது நாம குடுக்கறதை அப்படியே திருப்பிக் குடுக்கற ஆலோசகர். ஒரு எழுத்து மாறக் கூடாது. இவர்கிட்ட அந்தத் தகுதி பரிபூரணமா இருக்கு."

நியமனம் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. உஸ்தாத் ஹமூத் மட்டும் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். தன்னைவிடப் பெரிய பதவிக்கு எண்ணை விட்டுக் கொடுப்பதில் அவருக்கு அவமானம் இல்லை, பதிலுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் கவலை. தொண்ணூற்றொன்பது தருகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்தார். அதில் இரண்டு ஒன்பது இருக்கிறதே என்று அவராகவே கண்டுபிடித்து, மலர்ந்து, கைகுலுக்கினார்.

உத்தரவில் ஏழு கையெழுத்து விழுந்து வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு என் கைக்கு வந்தது. வெள்ளி, சனி விடுமுறை. இரண்டரைக்கு அலுவலகம் மூடிவிடும். ஓடி ஒன்பதைப் பிரிண்டருக்கு மாற்றினேன். கட்டடத்தை ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்பது, இருக்கிறேன். மூலம், பிரிண்டர். மனசார ஒரு பெருமூச்சு விட்டு நாற்பத்தொரு உரிமத்தையும் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்தது. கீழ்த்தளத்துக்குப் பாய்ந்தேன்.

பிரிண்டர் இருந்த இடத்தில் தூசி மட்டும் சதுரமாக இருந்தது.

ஆலோசகரைக் கீழ்த்தளத்தில் வைத்திருப்பார்களா? காலையிலேயே ஐந்தாம் மாடிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு. உள்ளே கம்பளம், சோபா, பேரீச்சம்பழத் தட்டு, பெரிய மேஜை. மேஜைக்குப் பின்னால், நாற்காலியில் அல்ல, நாற்காலியை எடுத்துவிட்டு ஒரு மரப் பீடத்தில், ஆலோசகர். வாயிலிருந்து வெள்ளிக்கோடு போட்ட உரிமங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. நான் கண்ணால் பார்க்கிறேன், கையால் எடுக்க முடியவில்லை. வாசலில் புதிதாக ஒரு செயலர், மக்தூம் என்று பெயர், விறைப்பாக நின்றான்.

"ஆலோசகர் வேலையா இருக்கார். சந்திக்கணும்னா நேரம் வாங்கணும். அடுத்த மாசம் நாலாம் தேதி காலியா இருக்கு."

"யப்பா மக்தூம், அந்தக் காகிதத்தை மட்டும் எடுத்துக் குடுப்பா."

"ஆலோசகர் எழுதறதைத் தொட நான் யாரு?" என்றான். நடிக்கவில்லை. அவன் கண்ணில் உண்மையான பயம் இருந்தது.

மணி ஒன்று பத்து. படிக்கட்டில் உட்கார்ந்தேன். சோபாவும் பேரீச்சம்பழமும் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று யோசித்தேன். பளிச்சென்று புரிந்தது. புதிதாகப் பதவிக்கு வந்தவரை வாழ்த்த வருகிறவனைத் தடுக்க எங்கள் ஊரில் எந்தச் செயலருக்கும் உரிமை இல்லை. முதல் நாள் கதவைத் திறந்து வைத்துத்தான் ஆக வேண்டும். வழியில் போகிறவன் வந்தாலும் காப்பி கொடுத்தாக வேண்டும்.

ஸால்மீனைக் கூப்பிட்டேன். "எல்லாரையும் கூட்டிட்டு வா. வாழ்த்த வந்திருக்கோம்னு சொல்லு. வேற ஒண்ணும் வாயைத் திறக்காதே."

"யாரை வாழ்த்தணும்?"

"பிரிண்டரை."

"உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் முத்திடுச்சா?" என்று கேட்டான். ஆனால் இருபத்தைந்து நிமிடத்தில் வந்துவிட்டான்.

நாற்பத்தொரு பேர், டீசலும் மீன் வாடையுமாக, ஐந்தாம் மாடிக் கம்பளத்தில் ஏறினார்கள். மக்தூம் மூக்கைப் பொத்திக்கொண்டே கதவைத் திறந்தான். வழக்கம் ஆயிற்றே! முதலில் ஸால்மீன் போனான். "மப்ரூக் உஸ்தாத். இறைவன் உங்க பதவியை நீட்டிக்கணும்," என்று குனிந்து எங்கள் ஊர் வழக்கப்படி மூடியில் மூக்கை வைத்து மரியாதை செய்தான். காப்பி வாங்கிக் குடித்தான், போதும் என்று கிண்ணத்தை ஆட்டிக் காட்டினான், தன் பெயர் போட்ட காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அடுத்தவன், அதற்கடுத்தவன். வயதான ஒருவர், "மெலிஞ்சு போயிட்டாரு, நல்லா கவனிச்சுக்குங்க," என்று செயலரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் பார்த்தால் வரிசையில் உஸ்தாத் ஹமூத் நிற்கிறார், கையில் அத்தர் புட்டியோடு. மேலதிகாரி ஆயிற்றே, வாழ்த்தாமல் இருக்க முடியுமா? சோபாவில் உட்கார்ந்தார். நாற்பத்தொரு பேருக்கும் ஏதோ கொடுத்த ஆலோசகர் தனக்கு ஒன்றும் தரவில்லை என்று முகம் வாடிவிட்டது. பாவமாக இருந்தது. வெளியே நின்று என் கைபேசியிலிருந்து சோதனைப் பக்கம் ஒன்றை அனுப்பினேன். ஆலோசகர் உறுமி ஒரு தாளை நீட்டினார். உஸ்தாத் ஹமூத் இரண்டு கையாலும் வாங்கி, பொட்டும் கோடுமாக இருந்ததை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சொல்றாரு?" என்று வாசலில் நின்ற என்னைக் கேட்டார்.

"எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு சொல்றாரு உஸ்தாத்."

"எனக்குத் தெரியும்," என்று மடித்து மார்புப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு விடியலில் நாற்பத்தொரு படகும் கடலில் இறங்கின. செவ்வாய்க்கிழமை ஸால்மீன் என் வீட்டுக்கு ஒரு முழு வஞ்சிரத்தைத் தோளில், முறிந்து கூடிய அதே தோளில், தூக்கி வந்தான். அதை வறுத்துச் சோற்றோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாரியத்திலிருந்து ஆள் வந்து ஒரு கடிதம் கொடுத்தான். எண்ணெய்க் கையோடு பிரித்தேன்.

"வாரியத்தின் அதிகாரி ஒருவர் பதவியேற்ற முதல் நாளிலேயே, ஒன்றரை மணி நேரத்தில், நாற்பத்தொரு மனுக்களை முடித்திருக்கிறார். இது இதுவரை நடந்திராதது. பிற அதிகாரிகளின் மனநிலை கடுமையாகப் பாதிக்கப்பட்டுள்ளது. ஆலோசகர் விசாரணை முடியும் வரை இடைநீக்கம் செய்யப்படுகிறார். இத்தனை அதிகாரிகள் இருக்க, அவர் ஒருவரிடம் மட்டும் அத்தனை வேலையையும் கொடுத்தது ஏன் என்று மூன்று நாளுக்குள் விளக்கவும்."

ஸால்மீன் எட்டிப் பார்த்தான். "என்னடா எழுதப் போறே?"

மூன்று நாள் தேவைப்படவில்லை. கடிதத்தின் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, வந்தவன் கையில் கொடுத்தனுப்பினேன்:

"எல்லோரையும் கூப்பிட்டேன். பதில் சொன்ன ஒரே அதிகாரி அவர்தான்."